அயோத்திதாசர் சிந்தனைகள்: வாங்கலாமா, எப்படி வாசிப்பது?

சித்த மருத்துவர், பண்டிதர், வார இதழ் ஆசிரியர் என்று பல முகம் கொண்ட அயோத்திதாசரை (1845–1914) அவருடைய எழுத்திலேயே அறிய வேண்டுமானால் ஞான. அலாய்சியஸ் தொகுத்த இந்நூல்தான் முதல் வாசல். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 1999-இல் முதல் இரு தொகுதிகளை வெளியிட்டது. முதலாவதில் அரசியல், சமூகம். அடுத்ததில் சமயம், இலக்கியம்.

1907 ஜூன் 19 அன்று ராயப்பேட்டையிலிருந்து தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ (ஓராண்டுக்குப் பின் வெறும் ‘தமிழன்’) இதழ்க் கட்டுரைகளே பெரும்பகுதி. பொருள்வாரியாகப் பிரித்ததால் தேடுவது எளிது. ஆனால் அவர் வாரந்தோறும் எதற்குப் பதில் சொன்னார் என்பது அறுந்துபோகிறது. கட்டுரை முடிவில் இதழ் எண்ணும் தேதியும் உண்டு. அவற்றைக் குறித்துக்கொண்டு இரு தொகுதிகளையும் இணையாக வைத்து வாசித்தால் அந்த வாரம் மீண்டும் உருப்பெறும். கொஞ்சம் உழைப்புதான், பலனும் அதற்கேற்றது.

‘வேஷ பிராமணர்’ (பிராமண வேடம் பூண்டவர்), ‘யதார்த்த பிராமணர்’ (அறிவாலும் ஒழுக்கத்தாலும் உண்மையான பிராமணர்) என்ற அவருடைய பாகுபாடு பிடிபடாமல் உள்ளே போனால் பாதி வாதம் தலைகீழாகப் புரியும். குறளைப் பௌத்த மறைநூலான திரிபிடகத்தோடு சேர்த்துத் ‘திரிக்குறள்’ என்பவர் அவர்; அவருடைய குறள் உரைப் பகுதிக்கு வழக்கமான குறள் பதிப்பொன்று பக்கத்தில் இருக்கட்டும். சொல்லாராய்ச்சியை அப்படியே ஏற்க முடியாது, வாதத்தின் துணிச்சலுக்காகப் படிக்கலாம்.

மருத்துவக் குறிப்புகளுக்காக மட்டும் வாங்குபவர்கள் யோசிக்கவும்: முதல் இரண்டில் அதற்கெனத் தனிப் பிரிவு இல்லை.