லேடெக்ஸா, வெட்லுக்கா, சாட்டினா: உங்கள் உடம்புக்கு எது ஒத்துவரும்?

கன்னியாகுமரி மாவட்டத்தில் கீரிப்பாறைப் பக்கம் வளர்ந்தவள் நான். அங்கே ரப்பர் பாலின் மணம் தெரியாத வீடு கிடையாது. விடியும் முன்னே பால்வெட்டு முடிந்துவிடும். சிரட்டையில் சொட்டிய பாலை வாளியில் சேர்த்து, ஆசிட் ஊற்றி உறையவைத்து, ரோலரில் கொடுத்து ஷீட்டாக்கிக் கொடியில் போட்டிருப்பார்கள். பல வருடம் கழித்து லண்டனில் ஒரு கடையில் அதே ரப்பர் பாலில் செய்த லேடெக்ஸ் உள்ளாடையைக் கையில் எடுத்தபோது முதலில் கூச்சம்தான் வந்தது. மூக்கருகே கொண்டுபோனதும் கூச்சம் பாதி போய்விட்டது. வீட்டு மணம் அது.

இன்று என் அலமாரியில் லேடெக்ஸ் இருக்கிறது, வெட்லுக் என்று விற்கிற பளபளப்புத் துணி இருக்கிறது, சாட்டின் இருக்கிறது, தினப்படிக்குத் திருப்பூர் பருத்தி இருக்கிறது. விஷயம் தெரிந்த தோழிகள் மெதுவாக வந்து, எதை வாங்குவது என்று கேட்பார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று: எவ்வளவு நேரம் போடப் போகிறாய்? விலை, நிறம், அழகு எல்லாம் அதற்கு அப்புறம். எட்டு மணி நேரத்துக்கு உடுத்துவது வேறு, ஒன்றரை மணி நேரத்துக்கு உடுத்துவது வேறு. லேடெக்ஸ் இரண்டாவது வகை. இதை மனதில் வைக்காமல் வாங்கியவர்கள்தான் ஒரு தடவை போட்டுவிட்டு மூலையில் எறிகிறார்கள்.

அசலையும் போலியையும் பிரிப்பது

இணையத்தில் 'லேடெக்ஸ்' என்று தேடினால் வருகிற பலவும் லேடெக்ஸே இல்லை. துணிமேல் பாலியுரித்தேன் என்ற பிளாஸ்டிக்கைப் பூசியதை 'லேடெக்ஸ் லுக்', 'வெட்லுக்' என்று போடுவார்கள். சில கடைகள் அந்த 'லுக்' என்ற வார்த்தையையும் விட்டுவிடும். கண்டுபிடிக்க எளிய வழி, திருப்பிப் பார்ப்பது. உள்பக்கம் துணி தெரிந்தால் அது வெட்லுக். அசல் லேடெக்ஸ் இரண்டு பக்கமும் ரப்பர்தான். இணைப்பையும் பாருங்கள். ஊசி போட்ட துளை வழியாகவே ரப்பர் கிழிந்துகொண்டு போகும் என்பதால் அசலில் ஓரங்களைப் பசை வைத்து ஒட்டியிருப்பார்கள். வரிசையாக நூல் தையல் ஓடினால் சந்தேகப்படுங்கள்.

இடுப்பை இறுக்குகிற 'லேடெக்ஸ் வெயிஸ்ட் ட்ரெய்னர்' இந்தக் கணக்கில் சேராது. அது உள்ளே துணி வைத்த தடித்த ரப்பர் பட்டை. கழற்றினால் இடுப்பு பழைய இடத்துக்கு வந்துவிடும். அதைப் போட்டு மூச்சுத் திணறியவர்கள் லேடெக்ஸையே வெறுத்துவிடுவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சாட்டினும் வெட்லுக்கும்

சாட்டினைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சாட்டின் என்பது நெசவின் பெயர், நூலின் பெயர் இல்லை. பட்டு நூலிலும் நெய்வார்கள், பாலியெஸ்டரிலும் நெய்வார்கள். மலிவாகக் கிடைப்பது பாலியெஸ்டர். பட்டு சாட்டின் வியர்வையைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், பாலியெஸ்டர் வாங்காது. இரண்டும் உடம்பைப் பிடிக்காது, வழுக்கிக்கொண்டு நிற்கும். தளர்வாக, மென்மையாக இருந்தால் போதும் என்பவர்களுக்கு இதைவிட நல்லது இல்லை.

வெட்லுக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டிய பொருள். லேடெக்ஸின் மினுமினுப்பில் முக்கால்வாசி கிடைத்துவிடும். ஸ்பாண்டெக்ஸ் கலந்த துணியானால் நன்றாகவே இழுபடும். சாதாரண உள்ளாடை மாதிரி காலை விட்டு ஏற்றிக்கொள்ளலாம், பவுடரும் வேண்டாம், எண்ணெயைப் பற்றிய பயமும் இல்லை. உள்பக்கம் துணி இருப்பதால் வியர்த்தாலும் உடம்போடு ஒட்டிக்கொண்டு உயிரை வாங்காது. விலையிலும் பெரிய வித்தியாசம்.

அதன் பலவீனம் ஈரப்பதம். சென்னையிலோ கொழும்பிலோ பீரோவில் வைத்த ரெக்ஸின் கைப்பை இரண்டு மழைக்காலம் கழித்து வெளியே எடுத்தால் தோல் உரிந்து உதிருமே, அதே கதைதான். காற்றில் இருக்கிற ஈரமே பாலியுரித்தேனைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைக்கிறது. உரிய ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. லேடெக்ஸ் இந்த இடத்தில் ஜெயிக்கிறது. சின்னக் கிழிசல் என்றால் அந்த இடத்தைச் சுத்தம் செய்து, சைக்கிள் ட்யூபுக்குப் பஞ்சர் போடுவது போலச் சொல்யூஷன் தடவித் துண்டு ரப்பரை ஒட்டிவிடலாம். என்னுடைய கறுப்பு பிராவின் பக்கவாட்டில் அப்படி ஒரு ஒட்டு இருக்கிறது. நகம் பட்டுக் கிழிந்தது. மூன்று வருடமாக அசையவில்லை.

லேடெக்ஸுக்குள்ளேயே இருக்கிற போட்டிகள்

ஊரில் கொடியில் காய்ந்த ஷீட்டிலிருந்து இந்த ஆடை வருவதில்லை. அந்த ஷீட் புகையில் உலர்ந்து டயருக்கும் மற்றதுக்கும் போகும். ஆடைக்கு வேண்டியது உறையாத பால். அதில் அம்மோனியா சேர்த்து, எந்திரத்தில் சுழற்றி, ரப்பர் அளவு 60 சதவீதம் வரும்வரை கெட்டியாக்கி, கந்தகம் கலந்து மெல்லிய தாளாக இழுக்கிறார்கள். கந்தகம் இல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை. 1823-ல் மெக்கின்டாஷ் காப்புரிமை வாங்கிய ரப்பர் துணியில் செய்த மழைக்கோட்டு வெயிலில் பிசுபிசுத்தது, குளிரில் விறைத்தது. 1839-ல் சார்ல்ஸ் குட்இயர் கந்தகத்தோடு சூடாக்கிப் பார்த்த பிறகுதான் ரப்பர் உடம்பில் போடுகிற பொருளானது.

வாங்கும்போது தடிமன் கேட்பார்கள். 0.25 மி.மீ. என்றால் தோல் மேல் தோல் மாதிரி இருக்கும். பழகாத கையில் சீக்கிரம் கிழியும். 0.6 மி.மீ. உடம்பை நன்றாகப் பிடித்து நிறுத்தும், போடுவதற்குப் பாடுபட வேண்டும். முதல் தடவை வாங்குபவர்கள் 0.4-க்கே போங்கள். பிடிப்பும் இருக்கும், கொஞ்சம் தவறாக இழுத்தாலும் தாங்கும்.

அடுத்த போட்டி, அச்சில் தோய்த்ததா, தாளில் வெட்டி ஒட்டியதா என்பது. தோய்த்தது கையுறை செய்கிற முறை: இணைப்பே இருக்காது, விலை குறைவு, ஆனால் இரண்டு மூன்று அளவுகளோடு சரி. வெட்டி ஒட்டியதை நம் அளவுக்கே செய்து தருவார்கள். பிரா வாங்கினால் நான் இரண்டாவதையே சொல்வேன். நம்மில் எத்தனை பேருக்கு மார்பும் மார்பின் கீழ்ச்சுற்றும் கடைக்காரர் அட்டவணைக்குள் சேர்ந்தாற்போல் அடங்குகிறது? ஒரு சின்னக் கடை என்னிடம் அளவே கேட்காமல் மீடியம் அனுப்பியது. கீழ்ப்பட்டி அரை மணி நேரத்தில் கயிறாகச் சுருண்டு விலாவில் சிவப்புக் கோடு போட்டுவிட்டது. ஓரம் சுருளுகிறது என்றால் அளவு சிறியது. இழுபடும் என்று நினைத்து ஒரு சைஸ் குறைத்து வாங்காதீர்கள்.

இன்னொன்று குளோரினேட் செய்ததா என்று கேளுங்கள். நீர்த்த குளோரின் கரைசலில் முக்கி எடுத்தால் ரப்பரின் ஒட்டும் தன்மை போய் வழுவழுப்பாகிவிடும். பவுடர் இல்லாமலே ஏறும். நிறம் கொஞ்சம் மாறலாம், அந்தக் கண்ணாடி மினுமினுப்பும் கொஞ்சம் வேறாகத் தெரியும். பொறுமை குறைந்தவர்களுக்கும் வேர்க்கிற ஊரில் இருப்பவர்களுக்கும் இதுதான் நல்லது. கடையிலேயே செய்து வாங்குங்கள். வீட்டில் முயன்றால் குளோரின் வாயு கிளம்பும், ஆபத்து.

போடுகிற பத்து நிமிடம்

மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றிவிடுவேன். நகத்தின் ஓரத்தை உள்ளாடைத் துணியில் உரசிப் பார்த்து, எங்காவது மாட்டினால் அரத்தால் தேய்ப்பேன். பிறகு உடம்பிலும் ரப்பரின் உள்பக்கத்திலும் சிலிக்கோன் வழுக்குத் திரவம் சில சொட்டு. மேலுடம்புக்கு டால்கம் பவுடரும் ஆகும். இடுப்புக்குக் கீழே டால்கம் வேண்டாம்: உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2024-ல் டால்க்கை 'அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது' என்ற வகையில் வைத்திருக்கிறது.

பேன்ட்டியைக் காலுறை போலச் சுருட்டி, முழங்கால்வரை கொண்டுவந்து, அப்புறம் உள்ளங்கையால் தள்ளித் தள்ளி ஏற்ற வேண்டும். விரல் நுனியால் பிடித்து இழுத்தால் கிழியும். முதல் அரை நிமிடம் சில்லென்று இருக்கும். பிறகு உடம்புச் சூட்டை வாங்கிக்கொண்டு, எது ரப்பர் எது தோல் என்று தெரியாத ஒரு நிலை வரும். உள்ளே அடைபட்ட காற்றை உள்ளங்கையால் ஓரத்துக்குத் தடவி வெளியேற்றினால் சுருக்கம் போய்விடும். எனக்குச் சிசேரியன் தழும்பு இருக்கிறது. குட்டை பேன்ட்டியின் ஓரம் சரியாக அதன் மேலேயே உட்கார்ந்து உறுத்தும்; உயர்ந்த இடுப்புள்ளதை வாங்கிய பிறகு அந்தத் தொல்லை இல்லை. பிரசவத்துக்குப் பின் தளர்ந்த வயிற்றை ஒரே சீராக ஏந்திப் பிடிக்கிறது. எங்கேயும் வெட்டாமல், எங்கேயும் பிதுங்காமல். கண்ணாடியில் என் வயிற்றைப் பார்த்துக் கை தானாக மறைக்கப் போகிற பழக்கம் எனக்கு நின்றது அதற்குப் பிறகுதான். சாட்டினோ வெட்லுக்கோ எனக்கு இதைக் கொடுத்ததில்லை. ஓரத்தை இழுத்துவிட வேண்டிய அவசியமே இல்லாத ஆடையில்தான் நடை நிமிர்கிறது.

ஆனால் நேரக்கணக்கை மறக்கக் கூடாது. ரப்பர் வழியாகக் காற்றும் போகாது, வியர்வையும் போகாது. கழற்றும்போது தண்ணீராக வழியும். அந்த ஈரத்தில் தொடையிடுக்கு ஊறினால் படர்தாமரையும் மற்ற பூஞ்சைத் தொற்றும் வரக் காத்திருக்கின்றன. நான் இரண்டு மணி நேரத்தைத் தாண்டுவதில்லை. கழற்றியதும் குளித்து, நன்றாகத் துடைத்து, பருத்திக்கு மாறிவிடுவேன். மே மாதச் சென்னையில் ஏ.சி. இல்லாத அறையில் முயலவே வேண்டாம்.

தேங்காய் எண்ணெயும் குத்துவிளக்கும்

வெளிநாட்டவர் எழுதுகிற குறிப்புகளில் இந்த இரண்டும் வராது. எண்ணெய் லேடெக்ஸை உப்பவைத்துப் பலவீனமாக்கும்; ஆணுறையோடு எண்ணெய் சேரக் கூடாது என்பதும் இதே காரணத்தால். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துப் பின்னிய பின்னலோடு ஒரு மாலை பிராவைப் போட்டுக்கொண்டேன். பின்னல் நுனி தோள்பட்டியில் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. அடுத்த முறை எடுத்தபோது அந்த இடம் பிசுபிசுத்து உப்பியிருந்தது. பாடி லோஷனுக்கும் இதே விதி. சாட்டினில் எண்ணெய் பட்டால் கறைதான் விழும், வெட்லுக்கில் துடைத்தால் போயிற்று.

கார்த்திகைக்குக் குத்துவிளக்கு தேய்த்த கையோடு வெளிர் ரோஜா நிற லேடெக்ஸ் உள்ளாடையை மடித்து வைத்தேன். மறுநாள் பழுப்பு விரல் தடங்கள். பித்தளையில் இருக்கிற செம்பு ரப்பரில் ஏறிவிட்டது, போகவே இல்லை. வெளிர் நிறம் வாங்குபவர்கள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத் தொடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர், மென்மையான சோப்பு, நிழலில் பிளாஸ்டிக் ஹேங்கர். வெயில் ஆகாது. கறுப்பை வெளிர் நிறத்தோடு ஒட்டி வைத்தால் சாயம் ஏறும்.

எல்லாவற்றுக்கும் முன்னால்

என்னோடு வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்துத் தங்கச்சி ஒருத்தி லேடெக்ஸ் வாங்க ஆசைப்பட்டாள். கடைக்குப் போகிற வழியில் நான் வாழைப்பழம் நீட்டினேன். "வேண்டாம் அக்கா, எனக்கு வாழைப்பழம் சாப்பிட்டா வாயெல்லாம் கடிக்கும்" என்றாள். அரிப்பைத்தான் அவர்கள் கடி என்பார்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன். ரப்பர் பாலின் புரதத்துக்கு ஒவ்வாமை உள்ளவர்களில் பலருக்கு வாழைப்பழம், அவகாடோ, கிவி, பப்பாளி போன்றவையும் ஒத்துக்கொள்ளாது. பலூன் ஊதினால் உதடு வீங்குகிறவர்கள், ரப்பர் கையுறையில் கை தடிக்கிறவர்கள், அறுவை சிகிச்சை பல தடவை செய்துகொண்டவர்கள் எல்லாரும் முதலில் மருத்துவரிடம் கேட்க வேண்டும். கையுறையால் வருகிற தடிப்பு சிலருக்கு ரப்பரில் சேர்க்கிற ரசாயனத்தாலும் வரும், பரிசோதித்தால்தான் தெரியும். புரத ஒவ்வாமை கடுமையானால் மூச்சு அடைக்கும், உயிருக்கே ஆபத்து. இதில் 'போட்டுப் பார்ப்போம்' என்பதற்கு இடமே இல்லை.

அவளுக்கு இரத்தப் பரிசோதனையில் ரப்பர் ஒவ்வாமை உறுதியானது. அழுதாள். ஆடைக்காக அழுததாக எனக்குத் தோன்றவில்லை. தனக்காக என்று முதன்முதலாக ஒன்றை ஆசைப்பட்டிருந்தாள். அடுத்த சனிக்கிழமை நாங்கள் மறுபடி போனோம். உள்பக்கம் திருப்பித் துணியைப் பார்த்து, கால் ஓரத்திலும் தோள்பட்டியிலும் ரப்பர் எலாஸ்டிக் இல்லை என்று கடைக்காரரிடம் உறுதி செய்துகொண்டு, அடர்பச்சை வெட்லுக் பாடிசூட் ஒன்றை எடுத்தாள். அறைக்குள் போனவள் வெகுநேரம் வரவில்லை. கதவைத் தட்டினேன். "இருங்கோ அக்கா, இன்னும் பார்த்து முடியேல்லை" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.