டபுளும் ஃப்ளோட்டும்: வண்டிகளின் தடம் பார்க்கும் வேலையில் பல வருடப் பழக்கம்

வண்டிகளில் பொருத்திய ஜி.பி.எஸ். கருவிகள் அனுப்பும் தரவை வாங்கி, வரைபடத்தில் காட்டி, ஓடிய தூரத்தைக் கணக்குப் போட்டுத் தருவது என் வேலை. இடம், வேகம், தூரம், டீசல் மட்டம் என்று எதைத் தொட்டாலும் மெமரியில் அது மிதவைப்புள்ளி எண்ணாகத்தான் (பின்ன எண்களைக் கணினி குறித்துவைக்கும் வடிவம்) கிடக்கும். பல வருடம் பழகிய பிறகு என் கருத்து இதுதான். அளந்து வருகிற எதற்கும் அதன் 64 பிட் வடிவமான டபுளைத் தயங்காமல் எடுக்கலாம். 32 பிட் வடிவமான ஃப்ளோட்டை, எண் எவ்வளவு பெரிதாகும் என்று பார்த்த பிறகே தொட வேண்டும். காசுக் கணக்குக்கு இரண்டுமே ஆகாது.

ஃப்ளோட்டில் 0.1 என்று வைத்தால் மெமரியில் இருக்கும் 32 பிட்கள் இவை:

0 01111011 10011001100110011001101

முதல் பிட் குறி. 0 என்றால் மிகை எண். அடுத்த 8 பிட் அடுக்கு. 01111011 என்பது 123, அதில் 127-ஐக் கழித்தால் −4. அதாவது 2-இன் அடுக்கு −4, பதினாறில் ஒரு பங்கு. மீதி 23 பிட்டும் பின்னம். அதற்கு முன்னால் எழுதப்படாத ஒரு 1 உண்டு. அதையும் சேர்த்தால் 1.6 வரும், 16-ஆல் வகுத்தால் 0.1. பின்னத்தில் 1001, 1001 என்று திரும்பத் திரும்ப வருவதைப் பாருங்கள். பத்தில் ஒன்று இருமத்தில் முடிவதே இல்லை. 23-ஆவது பிட்டில் நிறுத்தியாக வேண்டும். அங்கே மேல்பக்கமாக ரவுண்ட் செய்ததால்தான் கடைசி மூன்று பிட் 100 என்று இல்லாமல் 101 என்று இருக்கிறது. உள்ளே உண்மையில் இருப்பது 0.1000000015-ஐ ஒட்டிய ஓர் எண்.

இந்த அமைப்பில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. அடுக்கை முன்னாலும் பின்னத்தைப் பின்னாலும் வைத்திருப்பதால், மிகை எண்களின் பிட்களை அப்படியே முழு எண்ணாகப் படித்தாலும் சிறிதிலிருந்து பெரிது என்ற வரிசை குலையாது. அந்த முழு எண்ணோடு 1 கூட்டினால் அடுத்த மிதவைப்புள்ளி எண் கிடைத்துவிடும். பக்கத்து எண் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்க்க இதைவிடச் சுலபமான வழி இல்லை.

என் வேலையில் எல்லாமே அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. எண் பெரிதாகப் பெரிதாக இடைவெளியும் இரட்டிப்பாகிக்கொண்டே போகும். சென்னையின் அட்சரேகை சுமார் 13.08. அது 8-க்கும் 16-க்கும் இடையில் இருப்பதால், ஃப்ளோட்டில் பக்கத்துப் பக்கத்து எண்களுக்கு நடுவே தரையில் சுமார் பத்தரை சென்டிமீட்டர் இருக்கும். தீர்க்கரேகை சுமார் 80.27. அது 64-ஐத் தாண்டிவிட்டது, இடைவெளி 83 சென்டிமீட்டர் ஆகிவிடுகிறது. அதே ஃப்ளோட், லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தருகே, மேற்குத் தீர்க்கரேகை 0.098 என்கிற இடத்தில், கிழக்கு மேற்காக அரை மில்லிமீட்டர் வரை காட்டும். தீர்க்கரேகை 0 ஆன கிரீன்விச் கோட்டுக்குப் பக்கத்தில் சோதித்த நிரலில் தெரியாத கோளாறு நம் ஊரில் தெரிவது இதனால்தான்.

ஜி.பி.எஸ்.ஸே சில மீட்டர் பிசகும்போது 83 சென்டிமீட்டர் ஒரு பொருட்டா என்று கேட்கலாம். புள்ளியை வரைபடத்தில் வைக்க மட்டும் என்றால் பொருட்டே இல்லை. அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளைக் கழித்து வண்டி எந்தத் திசையில் போகிறது என்று பார்க்கும்போதுதான் சிக்கல். நெரிசலில் ஊர்ந்து வடகிழக்காகப் போகும் வண்டி, கொஞ்ச நேரம் நேர் வடக்கே போய், திடீரென்று கிழக்கே ஒரு தாவு தாவும். வரைபடத்தைப் பெரிதாக்கினால் புள்ளிகள் செங்குத்துப் பத்திகளாக வரிசை கட்டி நிற்கும். டபுளில் இந்த இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்கு கூட வராது. கிராபிக்ஸ் கார்டுக்கு ஃப்ளோட்டாகத்தான் அனுப்ப வேண்டும் என்றால், பக்கத்தில் ஓர் இடத்தை மையமாக வைத்து, டபுளிலேயே கழித்துவிட்டு, மிச்சத்தை மட்டும் ஃப்ளோட்டாக அனுப்புகிறோம்.

தூரக் கணக்கு இதைவிடப் பெரிய பாடம். ஒரு கருவி, நொடிக்கு நொடி நகர்ந்த மீட்டரை ஒரே ஃப்ளோட்டில் கூட்டிக்கொண்டே போனது. நெடுஞ்சாலை வண்டிகளில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. ஊருக்குள் சுற்றும் பழைய வேன்களில் தூரம் குறைந்தது. மொத்தம் 16,777 கி.மீ. தாண்டியதும் ஃப்ளோட்டின் இடைவெளி 2 மீட்டர். அதன்பின் 1 மீட்டருக்குக் குறைந்த எதைக் கூட்டினாலும் மொத்தம் அசையாது. 1,34,217 கி.மீ. தாண்டினால் இடைவெளி 16 மீட்டர். அப்போது நொடிக்கு 8 மீட்டருக்குக் குறைவாக, அதாவது மணிக்கு 28 கி.மீ. வேகத்தில், நாள் முழுக்க ஓடினாலும் மொத்தத் தூரம் ஏறாது. கொஞ்சம் வேகமாகப் போய் நொடிக்கு 9 மீட்டர் ஆனால் 16 மீட்டராக ஏறும்! டபுளுக்கு மாற்றியதும் சரியாகிவிட்டது. மாற்ற முடியாத சின்ன சிப்களுக்கு கணினி அறிஞர் வில்லியம் கஹனின் கூட்டல் முறை இருக்கிறது. ஒவ்வொரு கூட்டலிலும் தொலைந்த துண்டை இன்னொரு மாறியில் பிடித்து வைத்து அடுத்த கூட்டலில் சேர்ப்பார்கள். ஆனால் நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரில், வேகத்துக்காகக் கணக்கைச் சுருக்கும் ஃபாஸ்ட் மேத் தேர்வைப் போட்டிருந்தால் அந்தத் திருத்தம் வீண் வேலை என்று நினைத்து அது எடுத்துவிடக்கூடும், கவனம்.

நேரத்தை ஃப்ளோட்டில் வைக்கவே வைக்காதீர்கள். 1970-இலிருந்து நொடிகளை எண்ணும் யூனிக்ஸ் நேரம் இப்போது இருக்கும் அளவில் ஃப்ளோட்டின் இடைவெளி 128 நொடி.

அதே கஹன்தான் 1985-இல் வந்த, மிதவைப்புள்ளி எண்களுக்கான ஐ.இ.இ.இ. 754 தரத்துக்குப் பின்னால் இருந்த முக்கியமான ஆள். பெர்க்லி பேராசிரியர், 1989-இல் டூரிங் விருது வாங்கியவர். அதற்கு முன் ஐ.பி.எம். கணினிக்கு ஒரு வடிவம், வாக்ஸ் கணினிக்கு ஒரு வடிவம் என்று ஆளுக்கொரு வழி. இன்றைக்குக் கருவியில் எழுதிய எட்டு பைட்டை சர்வரில் அப்படியே படிக்க முடிகிறது, பைட் வரிசையை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். மிகச் சிறிய எண்களைச் சட்டென்று பூஜ்யமாக்காமல் படிப்படியாகத் தேய விடுவதும் இந்தத் தரம் தந்ததே. இரண்டு எண்கள் வேறு வேறு என்றால் அவற்றைக் கழித்து வருவது ஒருபோதும் பூஜ்யமாகாது. இவ்வளவு யோசித்துச் செய்த ஒன்றைப் பார்க்கும்போது எனக்கு மரியாதைதான் வருகிறது.

சரி, காசு ஏன் ஆகாது? டபுளில் 19.99 ரூபாயை 100-ஆல் பெருக்கினால் 1998.9999999999998 வருகிறது. அதை முழு எண்ணாக வெட்டினால் 1998 பைசா. சில்லறை கடைசிப் பைசா வரை ஒத்துப்போக வேண்டிய இடத்தில், முதலிலிருந்தே பைசாவை முழு எண்ணாக வைப்பதுதான் ஒழுங்கு. அடையாள எண்களும் இப்படியே. டபுளில் 9,00,71,99,25,47,40,992-க்கு மேல் எல்லா முழு எண்களும் இருக்காது, ஒன்று விட்டு ஒன்றுதான் கிடைக்கும். உலாவியில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் சாதாரண எண் டபுள் என்பதால் நீளமான ஐடிகளை நாங்கள் எழுத்துச் சரமாகவே அனுப்புகிறோம்.

குறை என்று சொன்னால் NaN என்ற மதிப்பைத்தான் சொல்வேன், எண்ணல்லாதது (Not a Number) என்று பொருள். தத்துவம் நல்லது. செயற்கைக்கோள் கிடைக்காத இடத்தில் சில கருவிகள் 0, 0 என்று அனுப்பிவிடும். வரைபடத்தில் வண்டி ஆப்பிரிக்காவை ஒட்டிய கினி வளைகுடாவில் போய் நிற்கும். அங்கே NaN வந்தால் அது நேர்மையான பதில். ஆனால் அது தனக்குத் தானே சமமில்லை என்பதால், சமமா என்று கேட்டுப் பிடிக்க முடியாது. சராசரியில் ஒன்று நுழைந்தால் மொத்தச் சராசரியும் போச்சு. வரிசைப்படுத்தினால் பட்டியல் கலையும். போதாக்குறைக்கு, தரவை அனுப்பப் பயன்படும் ஜேசன் (JSON) தரத்தில் அதற்கு இடமே இல்லை. அதனால் கருவியிலிருந்து தரவு உள்ளே வரும் வாசலிலேயே அதைச் சோதித்து null, அதாவது மதிப்பில்லை என்று ஆக்கிவிடுகிறோம், 0, 0 வந்தாலும் அதே கதிதான்.