புளோரன்ஸின் இரண்டு பாதிகளும் கால்ச்சியின் திமிங்கிலங்களும்

இத்தாலியின் டஸ்கனி மாநிலத்துக்குச் செல்பவர்களில் பெரும்பாலோர் ஓவியங்களையும் தேவாலயங்களையும் பார்க்கவே செல்கின்றனர். ஊஃபிசி ஓவியக்கூடத்தின் வரிசையில் நின்று களைத்த பிறகு அறிவியல் அருங்காட்சியகங்களுக்கென்று மிஞ்சுவது பெரும்பாலும் அரை நாள்தான். அந்த அரை நாளை எங்கே செலவிடுவது என்ற கேள்விக்குப் பயண வழிகாட்டிகள் பொதுவாகச் சொல்லும் விடை, புளோரன்ஸின் கலிலியோ அருங்காட்சியகம். நான் அந்த விடையை முழுமையாக ஏற்பதில்லை. அதே நகரத்தில் லா ஸ்பெக்கோலா இருக்கிறது. பீசாவுக்கு அருகில், கால்ச்சி என்னும் சிற்றூரின் பழைய மடாலயத்தில், பீசா பல்கலைக்கழகத்தின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் இருக்கிறது. இம்மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் எது யாருக்கு ஏற்றது என்பது விளங்கும்.

முதலில் ஒரு வரலாற்றுச் செய்தியைச் சொல்லிவிட வேண்டும். அது தெரியாமல் புளோரன்ஸின் இரண்டு அருங்காட்சியகங்களையும் ஒப்பிடுவது சரியாக வராது. டஸ்கனியை ஆண்ட கோமகன் பியெத்ரோ லெயோபோல்தோ 1775-ஆம் ஆண்டில் பித்தி அரண்மனைக்கு அருகில், வியா ரொமானா தெருவில், இயற்பியலுக்கும் இயற்கை வரலாற்றுக்கும் சேர்த்து ஒரே அருங்காட்சியகத்தைத் திறந்து, அதைப் பொதுமக்களும் பார்க்கலாம் என்று அறிவித்தார். அவருக்கு முன் டஸ்கனியை ஆண்ட மெடிச்சி குடும்பம் சேர்த்து வைத்திருந்த அறிவியல் கருவிகள், பாடம் செய்த விலங்குகள், கனிமங்கள், புதிதாக வார்க்கப்பட்ட மெழுகு உடல்கள் ஆகிய அனைத்தும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. அங்கே வானாய்வுக் கோபுரம் ஒன்றும் எழுப்பப்பட்டதால் ‘வானாய்வகம்’ என்று பொருள்படும் ஸ்பெக்கோலா என்ற பெயரே நிலைத்துவிட்டது. பின்னர் கருவிகள் தனியாகப் பிரிக்கப்பட்டு, 1930-இல் ஆர்னோ ஆற்றங்கரையில் உள்ள காஸ்தெல்லானி மாளிகைக்குச் சென்று சேர்ந்தன. ஆகவே இன்று போட்டியாளர்களாகத் தோன்றும் இவ்விரண்டும் உண்மையில் பாகப்பிரிவினையில் பிரிந்த ஒரே குடும்பத்துச் சொத்து.

கருவிகள் போன பக்கத்திலிருந்து தொடங்கலாம். ஊஃபிசிக்கு அடுத்தாற்போலவே இருக்கும் அந்த அருங்காட்சியகம், கலிலியோ தம் வானியல் கண்டுபிடிப்புகளை அச்சில் வெளியிட்டு 400 ஆண்டுகள் நிறைந்த 2010-இல் புதுப்பிக்கப்பட்டு அவர் பெயரைத் தாங்கியது. கலிலியோ செய்தவற்றில் இன்று எஞ்சியிருக்கும் தொலைநோக்கிகள் இரண்டே. இரண்டும் இங்குதான் உள்ளன. பார்ப்பதற்கு அவை எளிய நீண்ட குழாய்கள். ஆனால் அவற்றைவிட என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்தது, தந்தத்தில் செதுக்கிய பெரிய சட்டத்தின் நடுவே பதிக்கப்பட்டிருக்கும் ஒரு சிறிய கண்ணாடி வில்லை. அகலம் நான்கு சென்டிமீட்டருக்கும் குறைவு. குறுக்கே விரிசல் ஓடுகிறது. 1610 சனவரியில் வியாழனைச் சுற்றும் நான்கு நிலவுகளைக் கலிலியோ பார்த்தது இந்த வில்லையின் வழியாகத்தான் என்று கருதப்படுகிறது. வில்லை உடைந்த பிறகு, 1677-இல் அதற்காகவே அந்தத் தந்தச் சட்டம் செய்யப்பட்டது. புனிதர்களின் எலும்புக்கு வெள்ளிப் பேழை செய்யும் நாட்டில், உடைந்த கண்ணாடி ஒன்றுக்கும் அதே மரியாதை கிடைத்திருக்கிறது.

அந்த ஒப்புமை வெறும் அலங்காரப் பேச்சன்று. சில அடிகள் தள்ளி, முட்டை வடிவக் கண்ணாடிக் குடுவைக்குள் கலிலியோவின் நடுவிரலே நிற்கிறது. திருச்சபையின் தண்டனைக்கு ஆளாகி 1642-இல் இறந்த அவரது உடல் ஏறத்தாழ நூறாண்டுகள் ஒரு சிறிய அறையில் கிடந்து, 1737-இல் சாந்தா குரோச்சே தேவாலயத்தின் முறையான கல்லறைக்கு மாற்றப்பட்டபோது அன்பர்கள் சிலர் விரல்களையும் ஒரு பல்லையும் எடுத்துக்கொண்டனர். நெடுங்காலம் காணாமல் போயிருந்த மற்ற இரு விரல்களும் பல்லும் 2009-இல் மீண்டும் கிடைத்து, இப்போது அவையும் இங்கேயே வைக்கப்பட்டுள்ளன. பார்வையாளர்கள் இதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், சிரிப்பதில் தவறில்லை.

அதே மாளிகையில் அந்தோனியோ சாந்தூச்சி 1588 முதல் 1593 வரை உழைத்துச் செய்த மாபெரும் வளையக் கோளம் ஓர் அறையையே அடைத்துக்கொண்டு நிற்கிறது. பொன் முலாம் பூசிய மரவளையங்கள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுழல, நடுவில் இருப்பது சூரியன் அன்று, பூமி. கலிலியோவின் பெயரைத் தாங்கிய கட்டடத்தின் மிகப் பெரிய காட்சிப்பொருள், அவர் எதிர்த்து வாதாடிய அண்டத்தின் உருவமாக இருப்பதை எந்த வழிகாட்டியும் எனக்குச் சுட்டிக்காட்டவில்லை.

1657-இல் தொடங்கிப் பத்தே ஆண்டுகள் இயங்கிய சிமெந்தோ என்ற அறிவியல் கழகத்தின் கண்ணாடி வெப்பமானிகளையும் தவறவிடக் கூடாது. சுருள் சுருளாக ஊதிச் செய்த குழாய்கள் ஒருபுறம் இருக்க, சிறு தவளை வடிவத்தில் ஒரு வெப்பமானி உள்ளது. அதன் வயிற்றுக்குள் சாராயமும் வெவ்வேறு எடையுள்ள வண்ணக் கண்ணாடிக் குண்டுகளும் இருக்கும். நோயாளியின் கையில் அதைக் கட்டினால், உடற்சூடு ஏற ஏறச் சாராயம் அடர்த்தி குறைந்து, மிதந்துகொண்டிருந்த குண்டுகள் ஒவ்வொன்றாக மூழ்கும். காய்ச்சலை எண்ணிக்கையால் அளக்கும் எண்ணம் இப்படித் தவளை உருவில் பிறந்திருக்கிறது.

இந்த அருங்காட்சியகத்தின் குறை, அதன் பொருள்கள் அசையாமல் இருப்பதே. கருவி என்பது இயங்கும்போதுதான் கருவி. கண்ணாடிப் பேழைக்குள் பித்தளையாகவும் மரமாகவும் மட்டும் நிற்கும்போது, ஒளியியலிலும் இயக்கவியலிலும் ஓரளவு பழக்கம் இல்லாதவருக்கு இரண்டாம் மாடியை அடைவதற்குள் எல்லாம் ஒன்றுபோலத் தோன்றத் தொடங்கிவிடும். அங்கங்கே உள்ள அசைபடங்கள் உதவுகின்றன, ஆனால் திரையில் பார்ப்பதற்காக யாரும் புளோரன்ஸ் வரை வருவதில்லை.

ஆற்றைக் கடந்து லா ஸ்பெக்கோலாவுக்குள் நுழைந்தால் நிலைமை நேர்மாறானது: இங்கே முன்னறிவு எதுவும் தேவையில்லை, துணிவு மட்டும் கொஞ்சம் வேண்டும். நீண்ட காலம் புதுப்பிப்புப் பணிக்காக மூடப்பட்டிருந்த இது 2024 பிப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டது. அறை அறையாக விலங்குகள் வருகின்றன. பூச்சிகள், சங்குகள், பறவைகள் என்று தொடங்கிப் பாலூட்டிகள் வரை நீளும் அந்த வரிசையில் ஒரு நீர்யானை உண்டு. 17-ஆம் நூற்றாண்டில் மெடிச்சி குடும்பத்துக்குப் பரிசாக வந்து, அரண்மனைக்குப் பின்னுள்ள போபொலித் தோட்டத்தில் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் விலங்கு அது. பாடம் செய்தவர் அந்த இனத்தின் நடையை அறியாதவர் போலும், பாதங்கள் இயல்புக்கு மாறாக அமைந்துள்ளன.

ஆனால் லா ஸ்பெக்கோலாவின் புகழ் விலங்குகளால் வந்ததன்று. முதல் இயக்குநரான ஃபெலிச்சே ஃபொந்தானா, மருத்துவ மாணவர்கள் ஓயாமல் பிணங்களை நம்பியிருக்கத் தேவையில்லாதபடி மனித உடல் முழுவதையும் மெழுகில் படைக்க விரும்பினார். சாந்தா மரியா நுவோவா மருத்துவமனையிலிருந்து வந்த உடல்களை அறுத்து, உறுப்புகளுக்குச் சாந்து அச்சு எடுத்து, அந்த அச்சுக்குள் நிறம் கலந்த மெழுகை ஊற்றி, நுண்ணிய நாளங்களுக்கு மெழுகில் தோய்த்த நூல்களை இழைத்து அவரது கலைஞர்கள் வேலை செய்தனர். பிணம் விரைவில் கெட்டுவிடுவதால் ஒரே உருவத்துக்குப் பல உடல்கள் தேவைப்பட்டன. இங்கே பார்ப்பது ஒரு மனிதனின் உடல் அன்று, பெயர் தெரியாத பலரின் கூட்டு உடல்.

கிளெமெந்தே சுசீனி என்ற சிற்பி 1780-களின் தொடக்கத்தில் முடித்த ‘வீனஸ்’ இவற்றுள் தலையாயது. பட்டு விரிப்பின்மேல் மல்லாந்து கிடக்கும் இளம்பெண், கழுத்தில் முத்துமாலை, தோளில் புரளும் உண்மையான கூந்தல். மார்பும் வயிறும் மூடிபோலக் கழன்று வரும். அதன் கீழ் தசை, தசையின் கீழ் குடல், ஈரல், இதயம் என அடுக்கடுக்காக எடுத்துக்கொண்டே போனால் இறுதியில் கருப்பையில் ஒரு சிசு. பாடம் சொல்லச் செய்த பொருளுக்கு முத்துமாலை எதற்கு என்ற கேள்வி, அந்த அறையை விட்டு வந்த பிறகும் நம்மை விடுவதில்லை. அழகு, கல்வி, ஆண் பார்வை மூன்றும் அந்த ஒரே கண்ணாடிப் பெட்டிக்குள் பிரிக்க முடியாதபடி கிடக்கின்றன. கோமகனின் அண்ணனான பேரரசர் இரண்டாம் யோசேப்பு இவற்றைக் கண்டு வியந்து, வியன்னாவின் இராணுவ அறுவை மருத்துவக் கழகத்துக்கென ஒரு தொகுதியையே வரவழைத்துக்கொண்டார். அது இன்றும் அங்கே உள்ளது. இவற்றுக்கெல்லாம் ஒரு நூற்றாண்டு முன்னர் சும்போ என்ற சிசிலிக்காரர் செய்த கொள்ளைநோய்க் காட்சிகள் பெட்டி அளவில் சிறியவை, அழுகும் உடல்களை நிறம் நிறமாகக் காட்டுபவை. வயிறு பலவீனமானவர்கள் தாண்டிச் செல்வது நலம்.

இதே கட்டடத்தில், 1841-இல் இத்தாலிய அறிவியலாளர் மாநாட்டை ஒட்டிக் கட்டப்பட்ட கலிலியோ மண்டபம் இருக்கிறது. கொஸ்தோலி செதுக்கிய கலிலியோ சிலை நடுவில் நிற்க, சாய்தளச் சோதனையைக் காட்டும் பெட்சுவோலியின் சுவரோவியம் மேலே விரிகிறது. தொலைநோக்கிகளும் அந்த விரலும் முன்பு இந்த மண்டபத்தில் வைக்கப்பட்டிருந்தவை. மண்டபம் இங்கே, பொருள்கள் அங்கே என்ற நிலையைப் பார்க்கும்போது பாகப்பிரிவினையின் இழப்பு கண்ணெதிரே தெரிகிறது.

இவ்விரண்டில் ஒன்றை மட்டுமே பார்க்க முடியும் என்றால், நான் லா ஸ்பெக்கோலாவையே சொல்வேன். தொலைநோக்கி எப்படி வேலை செய்கிறது என்பதை எங்கிருந்தும் கற்கலாம்; சுசீனியின் மெழுகை வேறிடத்தில் இந்த அளவில் காண்பது அரிது. இயற்பியல் படித்தவரும் வானியலில் ஊறியவரும் இதற்கு உடன்படமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். அவர்களுக்கு அந்த உடைந்த வில்லை ஒன்றே போதும். பத்து வயதுக்குக் குறைந்த குழந்தைகளை அழைத்துச் செல்பவருக்கோ இரண்டுமே முதல் தேர்வல்ல: ஒன்று அலுக்கும், மற்றொன்று இரவில் கனவில் வரும்.

அப்படிப்பட்ட குடும்பம் பீசாவில் இறங்கி, சாய்ந்த கோபுரத்தைத் தாங்குவதுபோல் படம் எடுத்துக்கொண்ட பிறகு, பேருந்தில் கால்ச்சிக்குச் செல்ல வேண்டும். 1366-இல் நிறுவப்பட்ட கார்த்தூசியத் துறவியரின் மடாலயம் மலையடிவாரத்தில் வெண்மையாக நீண்டு கிடக்கிறது. மடாலயத்தைப் பார்ப்பதும் அருங்காட்சியகத்தைப் பார்ப்பதும் தனித்தனி ஏற்பாடு என்பதை முன்கூட்டியே அறிந்துகொள்வது நல்லது. தொகுப்பின் தொடக்கம் 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பீசாவின் தாவரவியல் தோட்டத்தை ஒட்டி அமைந்த காட்சிக்கூடம். அதை வளர்த்தவர்களுள் முதன்மையானவர் பாவொலோ சாவி. எடையில் உலகின் மிகச் சிறிய பாலூட்டியாகக் கருதப்படும் எத்ருஸ்கன் மூஞ்சூறை 1822-இல் முதன்முதலாக விவரித்தவர் அவரே. பாடம் செய்வதில் அவர் கைதேர்ந்தவர். வேட்டை நாய்கள் காட்டுப்பன்றியைச் சூழ்ந்து கடிக்கும் அவரது காட்சியில் அசைவு உறைந்து நிற்கிறது. புளோரன்ஸ் நீர்யானையைப் பார்த்துவிட்டு இதைப் பார்ப்பவருக்கு, ஒன்றரை நூற்றாண்டில் அந்தக் கலை எவ்வளவு முன்னேறியது என்பது புரியும்.

மிகச் சிறியதை விவரித்தவரின் அருங்காட்சியகத்தில் மக்களைக் கவர்வது மிகப் பெரியது. மடாலயத்தின் மேல்தளத்தில், கண்ணாடிச் சாளரங்கள் வரிசையாக அமைந்த நீண்ட கூடத்தில், திமிங்கில எலும்புக்கூடுகள் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தப்பட்டுள்ளன. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செபஸ்தியானோ ரிக்கியார்தி சேர்த்த இத்தொகுப்பு ஐரோப்பாவின் முதன்மையான கடற்பாலூட்டித் தொகுப்புகளுள் ஒன்று. நீலத்திமிங்கிலமும் அதில் உண்டு. வழக்கமான அருங்காட்சியகத்தில் திமிங்கிலம் கூரையில் தொங்கும், நாம் அண்ணாந்து பார்ப்போம். இங்கே தாடை எலும்பின் ஓரமாகவே நடந்து செல்கிறோம்; சாளரத்தின் வழியே வெயில் விலா எலும்புகளுக்கிடையே விழ, வெளியே ஒலிவ மரச் சரிவுகள் தெரிகின்றன. டஸ்கனியில் நான் கண்ட காட்சிக்கூடங்களில் கட்டடமும் பொருளும் இவ்வளவு பொருந்தியது வேறில்லை. தரைத்தளத்தில் பெரிய நன்னீர் மீன்காட்சியகமும் இருப்பதால் குழந்தைகள் சலிக்க வழியில்லை. குறை என்றால் தொலைவு ஒன்றே; புளோரன்ஸிலிருந்து சென்று திரும்ப ஒரு முழு நாள் போய்விடும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். சியெனாவில் 1691-இல் தொடங்கிய ஃபிசியோகிரித்திச்சி என்ற அறிவியல் கழகம், முற்றத்தில் ஒரு திமிங்கில எலும்புக்கூட்டை வைத்துக்கொண்டு அமைதியாக இருக்கிறது. உண்ணத்தக்கது எது, நஞ்சு எது என்று மக்களுக்குக் கற்பிக்க வலெந்தி செரீனி 19-ஆம் நூற்றாண்டில் சுட்ட மண்ணில் செய்த காளான்களுக்காகவே அங்கே போகலாம். புளோரன்ஸின் நிலவியல் அருங்காட்சியகத்தில் ஆர்னோ பள்ளத்தாக்கில் தோண்டி எடுத்த பண்டைய யானைகள் உள்ளன; புதைபடிவங்களில் ஆர்வம் உடையவருக்கு மட்டும் அது போதுமானது. அதே நகரின் மானிடவியல் அருங்காட்சியகத்தை 1869-இல் நிறுவிய பாவொலோ மந்தெகாட்சா, பின்னர் இந்தியாவுக்கு வந்து நீலகிரியின் தோடர்களைக் கண்டு எழுதியவர் என்பது தமிழ் வாசகருக்கு அங்கே நுழைய ஒரு கூடுதல் காரணம். வின்சியில் லியொனார்தோவின் இயந்திரங்களாகக் காட்டப்படுபவை அவர் வரைந்தவற்றைப் பார்த்துப் பிற்காலத்தார் செய்த மாதிரிகள். மூலப்பொருளைத் தேடிச் செல்பவர் ஏமாறுவார்.

புளோரன்ஸில் ஒரு முழு நாள் கிடைத்தால், பிரிந்த இரண்டு பாதிகளையும் ஒரே நாளில் சேர்த்துப் பார்த்துவிடலாம். பழைய பாலத்தின் வழியே நடந்தால் இடையில் கால் மணி நேரம்தான். காலையில் லா ஸ்பெக்கோலாவுக்குச் சென்று, கலிலியோ மண்டபத்தை இறுதியாகப் பார்த்துவிட்டு, பிற்பகலில் ஆற்றைக் கடந்து வில்லையிடம் செல்வதே நல்ல வரிசை. திங்கட்கிழமையில் லா ஸ்பெக்கோலா மூடியிருக்கும். செவ்வாய்க்கிழமையில் கலிலியோ அருங்காட்சியகம் பிற்பகல் ஒரு மணிக்கே கதவடைத்துவிடுவது வழக்கம் என்பதால், அன்று மட்டும் வரிசையை மாற்றி முதலில் ஆற்றங்கரைக்குச் செல்ல வேண்டும்.