எந்த உலோகத்தைக் கைவிடுகிறோம்? உலை, அமிலம், நுண்ணுயிர்: ஓர் ஒப்பீடு

கழிவிலிருந்து உலோகம் எடுக்கும் முறைகளை ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் மீட்புச் சதவீத அட்டவணையிலிருந்தே தொடங்குகிறார்கள். அந்த அட்டவணை மீது எனக்கு நம்பிக்கை குறைவு. சோதனைக்கூடக் குடுவையில் கிடைக்கும் சதவீதம் வேறு, டன் கணக்கில் கலப்படச் சரக்கை விழுங்கும் ஆலையில் கிடைப்பது வேறு. எந்த முறையும் எல்லா உலோகங்களையும் மீட்பதில்லை. சிலவற்றைக் காப்பாற்ற வேறு சிலவற்றைக் கைவிடுகிறது. எதைக் கைவிடுகிறது என்று கேட்டால்தான் ஒப்பீடு உருப்படும்.

முதலில் உலை. கணினி, கைபேசிகளின் மின்சுற்றுப் பலகைகளைச் செம்பு உருக்காலைக்கு அனுப்புவதுதான் இன்று பெரிய அளவில் நடைமுறையில் உள்ள வழி. பெல்ஜியத்தில் ஆன்ட்வெர்ப் நகரின் ஹோபோகன் பகுதியிலுள்ள யுமிகோர் ஆலை இதற்குப் பெயர்பெற்றது. சுமார் 1,200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் பலகையின் பிளாஸ்டிக்கே எரிபொருளாகிவிடும். உருகிய செம்பு, தங்கத்தையும் வெள்ளியையும் பல்லேடியத்தையும் தன்னுள் இழுத்துக்கொள்ளும். அந்தச் செம்பைத் தகடுகளாக வார்த்து, கந்தக அமிலமும் செம்பு சல்பேட்டும் கலந்த தொட்டியில் தொங்கவிட்டு மின்சாரம் செலுத்துகிறார்கள். செம்பு கரைந்துபோய் எதிர்த் தகட்டில் தூய்மையாகப் படிகிறது. தங்கமும் வெள்ளியும் கரையாமல் தொட்டியின் அடியில் கருஞ்சேறாக இறங்குகின்றன. பார்ப்பதற்கு வெறும் சகதிதான். ஆனால் ஆலையின் வருமானத்தில் கணிசமான பங்கு அதில்தான் இருக்கிறது. சுரங்கத்தில் ஒரு டன் தாதுவுக்குச் சில கிராம் தங்கம் கிடைத்தாலே தோண்டுகிறார்கள். ஒரு டன் கைபேசிப் பலகையில் நூற்றுக்கணக்கான கிராம் தங்கம் இருக்கிறது.

உலை கைவிடுபவை அலுமினியம், டாண்டலம், நியோடிமியம் போன்ற அருமண் தனிமங்கள். இவை ஆக்சைடுகளாகி, உருகிய உலோகத்தின் மேல் மிதக்கும் கழிவான கசட்டில் கலந்துவிடும். அங்கிருந்து திரும்ப எடுப்பது கட்டுப்படியாகாது. புகை பற்றிய அச்சம் நியாயமானதுதான். பலகைகளில் உள்ள புரோமின் சேர்மங்கள் அரைகுறையாக எரிந்தால் டையாக்சின் உருவாகும். ஆனால் அந்த நஞ்சைப் பெருமளவில் பரப்புவது திறந்தவெளியில் கம்பியையும் பலகையையும் கொளுத்தும் வழக்கம். வாயுவை மீண்டும் உயர் வெப்பத்தில் எரித்து, சட்டெனக் குளிர்வித்து, வடிகட்டி வெளியேற்றும் உருக்காலையை அதோடு ஒன்றாகச் சேர்த்துப் பேசுவது தவறு.

லித்தியம் அயனி பேட்டரி என்று வந்துவிட்டால் தராசு அமிலத்தின் பக்கம் சாய்கிறது. பேட்டரியை உலையில் போட்டால் கோபால்ட்டும் நிக்கலும் உலோகக் கலவையாகக் கிடைக்கும், லித்தியம் கசட்டுக்குப் போகும். அமில முறையில் பேட்டரியை நொறுக்கிப் பிரித்த கறுப்புத் தூளைக் கந்தக அமிலத்தில் கரைக்கிறார்கள். கூடவே ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ப்பார்கள். எளிதில் கரையாத மூன்றாம் ஆக்சிஜனேற்ற நிலைக் கோபால்ட்டைக் கரையக்கூடிய இரண்டாம் நிலைக்கு அது மாற்றுகிறது. பிறகு அந்தக் கரைசலோடு, கோபால்ட்டைத் தேர்ந்து பிடிக்கும் கரிமக் கரைப்பானைக் கலக்கிவிட்டு அடங்க விட்டால், மேலே எண்ணெய் போன்ற அடுக்கு ஆழ்ந்த நீலமாகவும் கீழே நிக்கல் தங்கிய நீர் பச்சையாகவும் பிரிந்து நிற்கும். இரட்டைப் பிறவிகள் போல ஒட்டித் திரியும் இரு உலோகங்கள் இவ்வளவு தெளிவாகப் பிரிவதைப் பார்த்தவர்கள் இந்த வேதியியலை மறக்க மாட்டார்கள். கடைசியில் சோடியம் கார்பனேட்டைச் சேர்த்தால் லித்தியம் கார்பனேட் வீழ்படிவாகும்.

2023இல் வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் பேட்டரி ஒழுங்குமுறை, லித்தியத்தில் 50 சதவீதத்தை 2027 இறுதிக்குள்ளும் 80 சதவீதத்தை 2031 இறுதிக்குள்ளும் மீட்க வேண்டும் என்கிறது. கசட்டைத் தனியே பதப்படுத்தினாலொழிய, உலையை மட்டும் நம்பியவர்கள் இந்த இலக்கை எட்ட முடியாது.

அதற்காக அமில முறையைத் 'தூய்மையானது' என்று அழைப்பதை நான் ஏற்கவில்லை. ஆலைக்கு வெளியே புகை தெரிவதில்லை, அவ்வளவுதான். சோடியம் சல்பேட் கலந்த கழிவுநீர் ஏராளமாகச் சேருகிறது. இரும்பு, அலுமினியச் சேற்றையும் எங்கோ கொட்டியாக வேண்டும். பலகையிலிருந்து தங்கம் எடுக்க, தங்கத்தையே கரைக்கும் அமிலக் கலவையான இராஜதிராவகத்தையும் சயனைடையும் பயிற்சியில்லாத கைகள் தொடும்போது உயிரே போகிறது.

நுண்ணுயிர் முறை இவற்றுக்குப் போட்டியே இல்லை. இரும்பை ஆக்சிஜனேற்றம் செய்து வாழும் பாக்டீரியாக்கள் தரம் குறைந்த செம்புத் தாதுக் குவியல்களில் நன்றாக உழைக்கின்றன. ஆற்றல் செலவும் சொற்பம். பலகைத் தூளில் விட்டால் அதிலுள்ள உலோகங்களே அவற்றுக்கு நஞ்சாகின்றன, வேலையும் நாள்கணக்கில் இழுக்கிறது. பெரிய சுரங்கக் கழிவு மேடுகளுக்கு அதை ஒதுக்குவதுதான் பொருத்தம்.

முறையைவிட, எந்தக் கட்டத்தில் பிடிக்கிறோம் என்பதே பல சமயம் முடிவைத் தீர்மானிக்கிறது. அலுமினியத்தின் தாதுவான பாக்சைட்டிலிருந்து அலுமினா (அலுமினிய ஆக்சைடு) எடுக்கும் ஆலையில் காலியம் காரக் கரைசலில் கரைந்து, சுற்றிச் சுற்றி வந்து செறிவடைகிறது; அங்கேயே அதை வணிக அளவில் பிடித்துவிடுகிறார்கள். அதே பாக்சைட்டின் ஸ்காண்டியம், அலுமினா எடுத்தபின் மிஞ்சும் சிவப்புச் சேற்றோடு போய் மலைபோலக் குவிகிறது. அதில் பெரும்பகுதியை இன்றும் யாரும் எடுப்பதில்லை.

மின்னணுக் கழிவிலும் இதே கதைதான். 2022இல் உலகில் உருவான 6.2 கோடி டன்னில் 22.3 சதவீதம் மட்டுமே முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவாகியிருக்கிறது. அப்படிச் சேர்ந்ததிலும் ஹார்டு டிஸ்க்கின் நியோடிமியம் காந்தத்தைப் பாருங்கள். அதைக் கழற்றாமல் முழுதாக அரைத்தால், காந்தத் தூள் இரும்புத் துண்டுகளில் ஒட்டிக்கொண்டு எஃகு உலைக்குப் போய்க் கசடாகிவிடும். அந்தக் காந்தத்தை மீட்க ஒருவர் திருப்புளியோடு உட்கார்ந்து முதலிலேயே மூடியைத் திறந்தாக வேண்டும். உலையா அமிலமா என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வருகிறது.