மங்கி மேன்: குறி தவறும் பழிவாங்கலும் இரண்டுபட்ட பார்வையாளர்களும்

தேவ் படேல் முதன்முறையாக இயக்கித் தானே நாயகனாகவும் நடித்த ‘மங்கி மேன்’, 2024 மார்ச் 11 அன்று அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் நடந்த சவுத் பை சவுத்வெஸ்ட் திரைவிழாவில் முதலில் திரையிடப்பட்டது. அரங்கில் இருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். விழாவின் முதன்மைப் படங்களுக்கான பார்வையாளர் விருதும் அதற்கே கிடைத்தது. ஏப்ரல் 5 அன்று அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்த படம் முதல் வார இறுதியில் சுமார் 1 கோடி டாலர் வசூலித்து இரண்டாம் இடத்தைப் பிடித்தது. படம் பார்த்து வெளியே வருவோரிடம் கருத்துக் கேட்டு மதிப்பெண் வழங்கும் சினிமாஸ்கோர் அதற்கு ‘பி பிளஸ்’ கொடுத்தது. மோசமான மதிப்பெண் அல்ல என்றாலும், விழா அரங்கின் ஆரவாரத்தை நினைத்துக்கொண்டு பார்த்தால் சற்றுக் குறைவுதான்.

மார்ச்சுக்கும் ஏப்ரலுக்கும் இடையில் படம் மாறிவிடவில்லை. அதைப் பார்க்க வந்தவர்களின் எதிர்பார்ப்புத்தான் மாறியிருந்தது. முன்னோட்டத்தைப் பார்த்துவிட்டு ஹாலிவுட்டின் ‘ஜான் விக்’ வகை அதிரடிப் படம் என்று நம்பி வந்தவர்களுக்கு, குறி தவறாமல் சுடும், தலைமுடி கலையாமல் சண்டையிடும் ஒரு நாயகன் தேவைப்பட்டான். படமோ, முதல் முயற்சியிலேயே படுதோல்வி அடைந்து அடிபட்டு ஓடும் ஒருவனைக் காட்டியது. என்னைக் கேட்டால், அந்தத் தோல்விதான் இந்தப் படத்தின் ஆகப் பெரிய பலம். பார்வையாளர்கள் கேட்டதை அவர்களுக்கு அப்படியே எடுத்துக்கொடுக்கும் கடைசி அரைமணி நேரத்தில்தான் படம் தன் தனித்தன்மையை இழக்கிறது.

கதை நமக்குப் பழக்கமானதுதான். யாத்தானா என்ற கற்பனை இந்திய நகரத்தில், பெயர் சொல்லப்படாத ஓர் இளைஞன் குரங்கு முகமூடி அணிந்து, சட்டவிரோதக் குத்துச்சண்டைக் களத்தில் காசுக்காகத் தோற்றுக்கொடுக்கிறான். அவனுடைய கிராமத்தை நிலத்துக்காக எரித்து, தாயைக் கண்ணெதிரே கொன்ற காவல்துறை அதிகாரி ராணா சிங்கையும், அதற்கு ஆணையிட்ட சாமியார் பாபா சக்தியையும் பழிவாங்குவதே அவன் வாழ்க்கையின் ஒரே நோக்கம். செல்வந்தர்கள் வந்துபோகும் ஒரு கேளிக்கை விடுதியின் சமையலறையில் எடுபிடியாகச் சேர்ந்து, மாடி மாடியாக மேலேறி எதிரியை நெருங்குகிறான். தாயை இழந்த மகன், தீப்பற்றிய ஊர், பல ஆண்டுக் காத்திருப்பு ஆகிய மூன்றையும் வைத்துக்கொண்டு நம் தமிழ்ப் படங்கள் பல பத்தாண்டுகளாகக் கதை சொல்லிவந்திருக்கின்றன. ஆகவே ‘கதையில் புதிதாக ஒன்றுமில்லை’ என்ற குறை தமிழ்ப் பார்வையாளரிடமிருந்து வருவது இயல்பே. அதை நான் மறுக்கவும் இல்லை. ஆனால் பழிவாங்கும் கதையில் புதுமை கதைச்சுருக்கத்தில் இருந்து கிடைப்பது அரிது. வன்முறை நிகழும் அந்தக் கணத்தில் திரையிலுள்ள உடல் என்ன பாடுபடுகிறது, அதைப் பார்க்கும் நம் உடல் என்ன உணர்கிறது என்பதில்தான் ஒவ்வொரு படமும் மற்றதிலிருந்து வேறுபடுகிறது.

விடுதியின் கழிவறையில் நடக்கும் முதல் மோதலை எடுத்துக்கொள்வோம். மாதக்கணக்கில் திட்டமிட்டு, கையில் துப்பாக்கியும் எதிரே எதிரியுமாக நிற்கும் அந்தக் கணத்தில் எல்லாமே கைநழுவிப் போகிறது. அதன்பின் நடப்பது சண்டை என்பதைவிட, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் உருண்டு புரளும் அல்லல் என்றே சொல்ல வேண்டும். கண்ணாடி உடைகிறது, பீங்கான் நொறுங்குகிறது, வழுக்கும் தரையில் யாராலும் நேராக நிற்க முடியவில்லை. தப்பிக்க வழி தேடி ஒரு சன்னலை நோக்கி முழு வேகத்தில் ஓடிப் பாயும் நாயகன், கண்ணாடி உடையாமல் மோதிக் கீழே விழுகிறான். பார்வையாளர்கள் அதிகம் பேசிய காட்சிகளில் இதுவும் ஒன்று. சிரித்தவர்களும் உண்டு, பதறியவர்களும் உண்டு. இரண்டுமே சரியான எதிர்வினைதான். சன்னல் உடைந்திருந்தால் அவன் இன்னொரு சினிமா நாயகனாகியிருப்பான். உடையாததால், அடுத்து அவன் வாங்கும் ஒவ்வொரு அடியும் உண்மையில் வலிக்கும் என்று நாம் நம்பத் தொடங்குகிறோம்.

இந்த நம்பிக்கைக்குப் பின்னால் படப்பிடிப்பின் கதையும் இருக்கிறது. இந்தியாவில் எடுக்கத் திட்டமிட்டிருந்த படம், கொரோனாப் பெருந்தொற்றால் இந்தோனேசியாவின் பாத்தாம் தீவுக்கு இடம் மாறியது. சண்டைக் காட்சி ஒன்றில் படேலின் கை எலும்பு முறிந்தது. அதோடுதான் படப்பிடிப்பு தொடர்ந்தது. செலவு சுமார் 1 கோடி டாலர், ஹாலிவுட் கணக்கில் அது மிகச் சிறிய தொகை. நெட்ஃபிளிக்ஸ் வாங்கிவைத்திருந்த படத்தை இயக்குநர் ஜோர்டன் பீல் பார்த்து, இது பெரிய திரைக்கு உரியது என்று கருதியதால்தான் யுனிவர்சல் நிறுவனத்தின் வழியாக அது திரையரங்குக்கு வந்தது. சிறுவயதில் தேக்வாண்டோ பயின்று போட்டிகளில் கலந்துகொண்டவர் படேல். அதனால் அவர் உதைப்பதும் விழுவதும் மாற்று நடிகரின் உடல்மொழியாக இல்லாமல் அவருடையதாகவே இருக்கின்றன.

பொதுப் பார்வையாளர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன குறை கேமராவைப் பற்றியது. ஒளிப்பதிவாளர் ஷரோன் மேயரின் கேமரா சண்டையிடுவோரின் தோளுக்கும் விலாவுக்கும் இடையில் புகுந்து, அவர்களோடு சேர்ந்து அடிபடுகிறது. யார் யாரை அடிக்கிறார்கள் என்றே தெரியவில்லை, தலை சுற்றுகிறது என்றவர்களை ரசனை அற்றவர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. முதல் பாதியில் பல இடங்களில் மிக அருகிலிருந்து எடுத்த காட்சிகளும் வேகமான படத்தொகுப்பு வெட்டுகளும் அளவு மீறிப் போகின்றன. குறிப்பாக ஆட்டோவில் தப்பியோடும் துரத்தல் காட்சியில், வண்டி எங்கே இருக்கிறது, துரத்துபவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்ற இட உணர்வு சிதறிவிடுகிறது. முதல் படம் எடுப்பவருக்கு எல்லாவற்றையும் ஒரே படத்தில் சொல்லிவிட வேண்டும் என்ற தவிப்பு இருக்கும். அந்தத் தவிப்பு இங்கே படத்தொகுப்பில் தெரிகிறது. அதே சமயம், கேமராவின் நடுக்கத்துக்கு ஒரு வளர்ச்சி இருப்பதையும் கவனிக்க வேண்டும். நாயகன் தன்னைக் கட்டுப்படுத்தக் கற்றுக்கொண்ட பிறகு வரும் சண்டைகளில் காட்சிகள் நீள்கின்றன, சட்டகம் நிலைகொள்கிறது, ஒவ்வோர் அசைவும் தெளிவாகத் தெரிகிறது. முதல் பாதியில் எரிச்சலடைந்தவர்கள் இரண்டாம் பாதியை மெச்சியதற்கு இதுவே காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

அந்த மாற்றம் நிகழும் நடுப்பகுதி இன்னொரு சர்ச்சை. சுடப்பட்டுக் குற்றுயிராய்க் கிடக்கும் நாயகனை, ஊரால் ஒதுக்கப்பட்ட திருநங்கையர் சமூகம் ஒன்று காப்பாற்றித் தங்கள் அர்த்தநாரீசுவரர் கோயிலுக்குக் கொண்டுசெல்கிறது. வேகத்துக்காக வந்தவர்கள் இங்கே படம் தொய்ந்துவிட்டது என்றார்கள். எனக்கோ படம் தன் உயிரைக் கண்டடைவது இங்கேதான். அவர்களின் தலைவியான ஆல்பாவாக விபின் சர்மா நடித்திருக்கும் விதம், படத்தின் வேறெந்த நடிப்பையும் விட நெடுநேரம் மனத்தில் தங்குகிறது. நாயகனுக்கு அறிவுரை சொல்வதற்கென்றே படைக்கப்பட்ட பாத்திரமாகச் சுருங்கிவிடாமல், தன் மக்களின் கூரையையும் நிலத்தையும் காக்க வேண்டிய கவலையோடு அவர் நடமாடுகிறார்.

தாய் சொன்ன அனுமன் கதைதான் படத்தின் அடித்தளம். சூரியனைப் பழமென்று எண்ணிப் பாய்ந்த குழந்தை தண்டிக்கப்பட்டுத் தன் ஆற்றலை மறந்துபோகிறது. இராமாயணம் அறிந்த நமக்கு அடுத்த கட்டமும் தெரியும். கம்பனின் மயேந்திரப் படலத்தில், கடலைத் தாண்ட யாரால் முடியும் என்று வானர வீரர்கள் கலங்கி நிற்கும்போது, அனுமனின் பெருமையை அவனுக்கே எடுத்துச்சொல்பவன் சாம்பவான். படத்தில் அந்தச் சாம்பவானின் இடத்தில் ஆல்பா நிற்கிறார். படேல் இதை எங்கும் வசனமாகச் சொல்வதில்லை. தொன்மம் தெரிந்தவர்கள் தாங்களே கண்டுகொள்ள விட்டுவிடுகிறார். வெளிநாட்டுப் பார்வையாளர்களில் பலர் தொய்வு என்று கருதிய இந்தப் பகுதியில், நம்மைப் போன்றவர்களுக்கு மட்டும் திறக்கும் ஒரு வாசல் இருக்கிறது.

இந்தப் பகுதியில் வரும் பயிற்சிக் காட்சியைப் பிடிக்காதவர்கள் என்று யாரையும் நான் அறியவில்லை. மூட்டையைக் குத்திப் பழகும் நாயகனின் எதிரே தபேலா மேதை ஜாகிர் உசேன் அமர்ந்து வாசிக்கிறார். தாளம் கேள்வி கேட்கிறது, கைகள் பதில் சொல்கின்றன. கேள்வியின் வேகம் கூடக்கூடப் பதிலும் துல்லியமாகிறது. கோபத்தைத் தாளத்துக்குள் அடக்கக் கற்றுக்கொள்வதுதான் பயிற்சி என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. 2024 டிசம்பரில் ஜாகிர் உசேன் மறைந்த பிறகு இந்தக் காட்சியைப் பார்ப்பவர்களுக்கு அதன் கனம் இன்னும் கூடும்.

பெண் பாத்திரங்களை எழுதிய விதத்தில் எனக்குக் கடுமையான மனக்குறை உண்டு. சோபிதா துலிபாலா நடித்த, கேளிக்கை விடுதியில் வேலை செய்யும் பெண்ணான சீதா, சில பார்வைகளுக்கும் மிகச் சில வசனங்களுக்கும் மேல் வளரவில்லை. தாயின் பாத்திரம் காடும் கதையுமாக அழகாகத் தொடங்கினாலும், அவளது துன்பம் திரும்பத் திரும்பத் துண்டுக் காட்சிகளாக வந்து, கடைசியில் மகனின் சினத்துக்கு எரிபொருளாக மட்டும் மிஞ்சிவிடுகிறது. பழிவாங்கும் படங்களில் நெடுங்காலமாக இருந்துவரும் இந்தக் குறையைப் படேலும் தாண்டவில்லை. இதைச் சுட்டிக்காட்டிய பெண் பார்வையாளர்களின் பக்கமே நான் நிற்கிறேன்.

அரசியலைப் பொறுத்தவரை, படம் துணிவாகத் தொடங்கித் தயங்கி நிற்கிறது. நிலத்தைப் பறிக்கும் சாமியார், அவருக்குக் காவலாக நிற்கும் காவல்துறை, அவர் ஆதரிக்கும் தேர்தல் கட்சி என்று எல்லாவற்றையும் காட்டிவிட்டு, எதற்கும் பெயர் வைக்காமல் கற்பனை நகரத்துக்குள் ஒளிந்துகொள்கிறது. முதல் முன்னோட்டத்தில் காவியாகத் தெரிந்த கட்சிக் கொடிகள் படத்தில் சிவப்பாகியிருந்ததைப் பலர் கவனித்துப் பேசினார்கள். அளவுக்கு மீறிய அரசியல் என்று ஒரு சாராரும், போதாத அரசியல் என்று மறு சாராரும் குறைப்பட்டார்கள். 2024 ஏப்ரலில் இந்தியாவிலும் வெளியாகும் என்று அறிவிக்கப்பட்டிருந்த படம், அப்போது இங்கே திரையரங்குகளுக்கு வரவே இல்லை. எந்த மண்ணின் கதையோ அந்த மண்ணின் அரங்குகளில், முன்வரிசை ரசிகர்களின் விசிலும் பின்வரிசையின் முணுமுணுப்பும் கேட்காமலே இந்தப் படத்தின் வரவேற்பு எழுதப்பட்டுவிட்டது. எனக்கு இது உண்மையாகவே வருத்தம் தருகிறது. சாதியும் கோயிலும் நிலமும் பின்னிக்கிடக்கும் இந்தக் கதையைப் பற்றிக் கூர்மையாகப் பேசியிருக்கக்கூடியவர்கள் அவர்கள்தான்.

இறுதிப் பகுதியில், தேர்தல் வெற்றிக் கொண்டாட்டம் நடக்கும் விடுதிக்குள் நாயகன் நுழைகிறான். இரத்தம் தாராளமாகச் சிந்துகிறது. மின்தூக்கிக்குள் கத்தியைப் பற்களால் கடித்துப் பிடித்துக்கொண்டு எதிரியின் கழுத்தில் பாய்ச்சும் கணத்தில், அனுபவப்பட்ட ரசிகர்களே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். திருநங்கையர் படை ஆடை அணிகலன்களோடும் வாளோடும் களத்தில் இறங்கும்போது அரங்குகள் ஆர்ப்பரித்தன என்பது வியப்பல்ல. ஒதுக்கப்பட்டவர்கள் ஆயுதம் ஏந்தி வரும் அந்தக் காட்சிக்கு ஒரு பெருமிதம் இருக்கிறது. ஆனால் அவர்கள் வருகிறார்கள், வெட்டுகிறார்கள், கதையிலிருந்து மறைகிறார்கள். அவர்களது கோயிலும் நிலமும் என்ன ஆயின என்பதைப் படம் சொல்வதில்லை. தனி ஒருவனின் பழி, ஒரு சமூகத்தின் போராட்டமாக விரியப்போகிறது என்று நடுப்பகுதி தந்த வாக்குறுதி, மீண்டும் தனி ஒருவனின் பழியாகச் சுருங்கிவிடுகிறது. மகரந்த் தேஷ்பாண்டே நடித்த, அமைதியான குரலில் அச்சமூட்டும் பாபா சக்தியுடனான இறுதிச் சந்திப்பும், இவ்வளவு நீண்ட காத்திருப்புக்கு ஈடாகாமல் விரைவில் முடிந்துபோகிறது.

படத்தின் நீளம் சுமார் 2 மணி நேரம். அமெரிக்காவில் ‘ஆர்’ சான்றிதழ் பெற்ற இந்தப் படத்தைக் குழந்தைகளை அருகில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டாம்; குத்தும் வெட்டும் மட்டுமன்றி, தாய்க்கு நேரும் கொடுமையும் விடுதிப் பெண்கள் நடத்தப்படும் விதமும் மனத்தைக் கலக்கும். கைப்பேசித் திரையில் பார்ப்பதையும் தவிர்க்கலாம். இருட்டில் படமாக்கப்பட்ட, கேமரா ஓயாமல் அசையும் சண்டைகள் சிறு திரையில் வெறும் கலங்கலாகத்தான் தெரியும். பெரிய திரையிலும் நல்ல ஒலியமைப்பிலும் பார்க்க வாய்ப்பிருப்பவர்கள் தாராளமாகப் பார்க்கலாம். குறி தவறாத நாயகனைத் தேடுபவர்களுக்கு முதல் ஒரு மணி நேரம் பொறுமையைச் சோதிக்கும். அடிபடும் மனிதன் மீண்டும் எப்படி எழுகிறான் என்று பார்க்க விரும்புபவர்கள், தபேலா ஒலிக்கும் அந்தக் கோயில் முற்றம்வரை காத்திருக்கலாம். ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். குறைத்த ஒன்றரையில் பெரும்பகுதி இறுதி அரைமணி நேரத்துக்கும் சீதாவுக்கு எழுதப்படாமல் போன வசனங்களுக்கும் உரியது.