வெப்சைட் செய்யக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்: எங்கள் 65,000 ரூபாய் போயிற்று

கரூரில் பெட்ஷீட், துண்டு மொத்த வியாபாரம் செய்கிறோம். கடைக்கு வெப்சைட் போட்டுத் தருவதாகச் சொன்ன ஒரு சின்ன ஐடி கம்பெனி எங்களிடம் 65,000 ரூபாயை வாங்கிக்கொண்டு ஏமாற்றிவிட்டது. என்னென்ன பார்த்துக் கொடுக்க வேண்டும் என்று கடைசியில் எழுதுகிறேன்.

முதல் தடவை வந்தபோதே லேப்டாப்பில் ஒரு பக்கத்தைக் காட்டினார்கள். மேலே எங்கள் கடைப் பெயர். பெட்ஷீட்டின் அளவு, விலை எல்லாம் எங்கள் கண்ணெதிரே சேர்த்தார்கள், திருத்தினார்கள். "உங்களுக்குன்னே ராத்திரி உட்கார்ந்து செஞ்சதுங்ணா" என்றான் வந்தவர்களில் ஒருவன். அப்பாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. முழுப் பணத்தையும் அங்கேயே அனுப்பச் சொன்னார்.

அது வெப்சைட் செய்ய உதவும் ஜாங்கோ என்ற கருவியோடு இலவசமாக வரும் அட்மின் பக்கம், அதாவது கடைக்காரர் உள்ளே விவரங்களைப் பார்த்துக்கொள்ளும் பக்கம் என்று சித்தப்பா பையன் பார்த்துச் சொன்னபோதுதான் தெரிந்தது. அமெரிக்காவில், கான்சாஸில் ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் அவசர வேலைகளுக்காக உருவாகி, 2005-இல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிடப்பட்ட கருவி அது. என்ன விவரம் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் சேர்க்க, திருத்த, அழிக்கப் பக்கங்களை அதுவே போட்டுவிடும். கடைப் பெயர் வர ஒரே வரி போதும். கருவி அருமையானதுதான். அதன் வேலையை ராத்திரி முழித்துச் செய்ததாக விற்றானே, அதுதான் வயிறு எரிகிறது.

அவர்கள் செய்ய வேண்டிய வேலை எதுவும் நடக்கவில்லை. தீபாவளி ஆர்டர்கள் வந்துகொண்டிருந்த நேரம், ஒருநாள் காலையில் பார்த்தால் அத்தனையும் காலி! ஆர்டர்கள் பதிவாகும் டேட்டாபேஸ் ஃபைலை, சர்வர் ரீஸ்டார்ட் ஆனால் ஃபைல்கள் அழிந்துபோகும் இலவச ஹோஸ்டிங்கில் வைத்திருக்கிறார்கள். செய்கிறவர்கள் தப்பு தேடுவதற்காக வைத்துக்கொள்ளும் டீபக் மோடைக்கூட அணைக்கவில்லை. வெப்சைட் முகவரியில் ஓர் எழுத்து தப்பினாலும் உள்விவரம் காட்டும் மஞ்சள் பக்கம் வாடிக்கையாளர் முன் வந்து நிற்கும்.

போன் செய்தால் "சர்வர் மெயின்டனன்ஸ்ங்ணா". அப்புறம் "டெவலப்பர் லீவு". அப்புறம் "கேச் கிளியர் பண்ணிப் பாருங்க". காணாமல் போன ஆர்டர் கேச் கிளியர் செய்தால் வருமா? கடைசியில் டொமைன், அதாவது வெப்சைட்டின் பெயர், அவர்கள் பெயரில் இருக்கிறதாம், மாற்றித் தர இன்னும் 15,000 ரூபாய் வேண்டுமாம். 65,000 ரூபாய் வாங்கியவர்கள் கேட்கிறார்கள்!

சரி, எழுதுவதாகச் சொன்னது. டொமைனை உங்கள் பெயரிலேயே வாங்குங்கள். வெப்சைட்டின் புரோகிராம் கோடு உங்கள் கணக்கில் இருக்கட்டும். பேக்கப்பைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். டெமோவைப் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள். ஓர் ஆர்டர் போட்டு, சர்வரை ரீஸ்டார்ட் செய்யச் சொல்லி, அந்த ஆர்டர் இருந்தால் மட்டும் கொடுங்கள்.