தள்ளுதண்டு டைலேட்டோமீட்டர்: ஆக்சிஜனை இழக்கும் பீங்கான்களை அளந்த அனுபவம்

திட ஆக்சைடு எரிபொருள் மின்கலங்களுக்கும் ஆக்சிஜன் பிரிப்புச் சவ்வுகளுக்கும் உரிய ஆக்சைடுகளின் விரிவை அளப்பதற்காக, கிடைமட்டத் தள்ளுதண்டு டைலேட்டோமீட்டர் (மாதிரியின் நீளமாற்றத்தை, அதைத் தொடும் தண்டின் நகர்வால் அளக்கும் கருவி) ஒன்றைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். அலுமினாத் தாங்கியும் தண்டும், வாயு கசியாத உலைக்குழாய், வெளியேறும் வாயுவிலுள்ள ஆக்சிஜனை அளக்கும் சிர்கோனியா உணரி ஆகியவை கொண்ட வழக்கமான கருவிதான் அது. காற்றில் சூடேற்றிச் சராசரி விரிவுக் குணகம் (ஒரு டிகிரி ஏறும்போது நீளம் எத்தனை பங்கு கூடுகிறது என்ற எண்) ஒன்றைக் குறித்துக்கொள்வதற்கு மட்டுமே இதைப் பயன்படுத்துபவர்கள், கருவியின் பாதிப் பயனை இழக்கிறார்கள் என்பது என் உறுதியான கருத்து.

இட்ரியம் சேர்த்த சிர்கோனியாவைக் காற்றில் சூடேற்றினால் வரைகோடு ஏறக்குறைய நேராகவே ஏறும். ஒரு கெல்வினுக்கு மில்லியனில் 10.5 பங்கு என்ற அளவில் குணகம் கிடைக்கும். லாந்தனம், ஸ்ட்ரான்சியம், கோபால்ட், இரும்பு ஆகியவை சேர்ந்த பெரோவ்ஸ்கைட் என்னும் படிக அமைப்புள்ள ஆக்சைடை வைத்தால் கதை வேறு. தொடக்கத்தில் சுமார் 15 என்றிருக்கும் சரிவு, 600, 700 டிகிரி செல்சியஸ் வாக்கில் மேல்நோக்கி வளைந்து 20-ஐத் தாண்டிவிடும். அணுக்களின் அதிர்வு வலுப்பதால் வரும் விரிவோடு, படிகத்திலிருந்து ஆக்சிஜன் வெளியேறுவதால் வரும் விரிவும் (வேதி விரிவு) அங்கே சேர்ந்துகொள்கிறது. இரண்டையும் கலந்து எடுக்கும் சராசரியை நம்பி அடுக்குகளை ஒட்டினால், விரிசல் எங்கே விழும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது.

ஓர் அணு வெளியேறினால் பொருள் சுருங்கத்தானே வேண்டும் என்று புதிதாக வரும் மாணவர்கள் பெரும்பாலும் கேட்பார்கள். நியாயமான கேள்வி. காலியிடத்தைச் சுற்றிய பகுதி உண்மையில் சற்றுச் சுருங்கவே செய்கிறது. ஆனால் ஆக்சிஜன், வாயு மூலக்கூறாக வெளியேறும்போது ஓர் அணுவுக்கு இரண்டு எலக்ட்ரான்களைப் படிகத்திலேயே விட்டுச் செல்கிறது. சீரியாவில் (சீரியம் ஆக்சைடு) அவ்வெலக்ட்ரான்களை ஏற்கும் சீரியம் அயனிகள் நான்கு நேர்மின்னேற்ற நிலையிலிருந்து மூன்றுக்கு இறங்க, அவற்றின் ஆரம் 0.97 ஆங்ஸ்ட்ராமிலிருந்து 1.14 ஆங்ஸ்ட்ராமாகப் பெருக்கிறது. ஒரு காலியிடத்துக்கு இரண்டு அயனிகள் இவ்வாறு பருப்பதால், சுருக்கத்தை விஞ்சி விரிவே வெல்கிறது.

இதைத் தனியே பார்ப்பதற்கு வெப்பநிலையை அசையாமல் நிறுத்திவிட்டு வாயுவை மட்டும் மாற்ற வேண்டும். கருவி தன் முழு மதிப்பையும் காட்டுவது இங்கேதான். 25 மில்லிமீட்டர் நீளச் சீரியாத் தண்டு, அறை வெப்பத்திலிருந்து 800 டிகிரி வரை செல்லும்போது கால் மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக நீளும். அதே தண்டு, வாய்பாட்டு அலகு (CeO₂) ஒன்றுக்குச் சராசரியாக 0.05 ஆக்சிஜன் அணுவை இழந்தால், வெப்பநிலை ஒரு டிகிரிகூட ஏறாமலேயே ஏறத்தாழ அரை சதவீதம், அதாவது 125 மைக்ரான் நீளும். ஈரமூட்டிய ஹைட்ரஜனில் 800 டிகிரியில் ஆக்சிஜனின் பகுதியழுத்தம் ஒரு வளிமண்டலத்தில் பத்தின் மைனஸ் 21 அடுக்கு அளவுக்கு இறங்கிவிடும். மின்கலத்தின் ஒரு பக்கம் அத்தகைய எரிவாயுவும் மறுபக்கம் காற்றும் இருக்கும்போது, நடுவிலுள்ள மெல்லிய தகடு ஏன் வளைகிறது என்பது இந்த ஒரு சோதனையிலேயே விளங்கிவிடும்.

ஆனால் பொறுமை வேண்டும். ஆக்சிஜன் மேற்பரப்பில் பிரிந்து உள்ளிருந்து ஊர்ந்து வர நேரமாகும். தடித்த மாதிரியானால் வரைகோடு தட்டையாவதற்கு மணிக்கணக்கில் காத்திருக்க நேரும். மேலும், ஆர்கனிலிருந்து ஹைட்ரஜன் கலந்த வாயுவுக்கு மாற்றிய உடனே திரையில் தோன்றும் சிறு துள்ளலை வேதி விரிவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஹைட்ரஜன் வெப்பத்தை மிக நன்றாகக் கடத்துவதால் தாங்கியின் வெப்பநிலைப் பகிர்வே மாறிவிடுகிறது. இந்நிலைமைகளில் ஆக்சிஜனை இழக்காத அலுமினாத் தண்டு ஒன்றை வைத்து, அதே வாயு மாற்றத்தைச் செய்து, வரும் அளவைக் கழிப்பதே நம்பத்தக்க வழி. இறுதியில் மீண்டும் காற்றைச் செலுத்தி, நீளம் பழைய இடத்துக்குத் திரும்புகிறதா என்றும் பார்க்கிறேன். திரும்பாவிட்டால், உள்ளே நுண்விரிசல் விழுந்திருக்கலாம் அல்லது தண்டின் அழுத்தத்தில் மாதிரி மெல்ல உருக்குலைந்திருக்கலாம். அந்தத் தரவை நான் பயன்படுத்துவதில்லை.

தேய்மானத்தில் குறிப்பாகச் சொல்ல வேண்டியது தண்டின் முனை. கோபால்ட் உள்ள மாதிரிகளை உயர்வெப்பத்தில் நீண்ட நேரம் வைத்தால், அலுமினா தொடும் இடத்தில் நீலக் கறை படியும்; அது கோபால்ட் அலுமினேட். மாதிரியின் முனையும் அங்கே வேதிமாற்றம் அடைந்திருக்கும் என்பதால், இடையே மெல்லிய பிளாட்டினத் தகடு வைத்த பிறகே இத்தகைய மாதிரிகளை ஏற்றுகிறேன். வெப்பநிலையை அளக்கும் பிளாட்டினத் தெர்மோகப்பிளும் ஹைட்ரஜன் போன்ற ஒடுக்க வாயுவில் சிலிக்கா அருகிலிருந்தால் மாசுபட்டு அளவு விலகும் என்பதால், அதை முறையாகச் சரிபார்த்துக்கொள்வது அவசியம்.

வாங்க எண்ணுவோர் உச்ச வெப்பநிலையை முதலில் பார்க்க வேண்டாம். குழாயின் வாயுக்கசிவு அளவையும், ஆக்சிஜன் உணரி மாதிரிக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதையும் முதலில் கேளுங்கள். நிறையிழப்பை அளக்கும் வெப்ப எடையளவி ஒன்றும் அதே ஆய்வகத்தில் இருந்தால், இழந்த ஆக்சிஜனின் அளவை அதிலிருந்தும் நீட்சியை இதிலிருந்தும் எடுத்து, வேதி விரிவுக் குணகத்தை நேரடியாகவே கணக்கிடலாம்.